களைப்பில்லாத எதிராளி

2006 நவம்பரில் ஜெர்மனியின் போன் நகரில், அன்றைய உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலை எதிர்த்து இரண்டாவது ஆட்டத்தை ஆடினார். சமனில் முடித்திருக்கக்கூடிய நிலை. கடிகாரத்தில் நேரமும் இருந்தது. 34-ஆவது நகர்த்தலில் ராணியை நகர்த்தினார். கணினி அடுத்த நகர்த்தலிலேயே செக்மேட் வைத்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சதுரங்கம் பழகும் தமிழ்ப்பள்ளி மாணவரிடம் அந்த நிலையைப் புதிராகக் கொடுத்தால் விடை சொல்லிவிடுவார்.

இதைக் களைப்பு என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. அது போட்டியின் இரண்டாம் ஆட்டம்தான். கணினியின் வெள்ளை ராணிக்குத் துணையாக நின்ற குதிரை, கறுப்பு ராஜாவின் கடைசி வரிசைக்குள்ளேயே இருந்தது. குதிரை அங்கிருந்து செக்மேட்டுக்குக் காவல் நிற்பது ஆட்டங்களில் அரிது. தேர்ந்த ஆட்டக்காரர் 64 கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை; பழகிய அமைப்புகளாகப் பார்க்கிறார். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உண்மையான ஆட்ட நிலையைச் சில விநாடிகள் காட்டினால் வல்லுநர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்து அடுக்கிவிடுவார். அதே காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினால் அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடும். கவனத்தைச் சிக்கனமாகச் செலவிடும் இந்தத் திறமைதான் மனித ஆட்டத்தின் பலம். பழகாத அமைப்பு வந்தால் கண் தவறுவதும் இதனால்தான்.

களைப்பு இங்கேதான் நுழைகிறது. மூளை நம் எடையில் 2 விழுக்காடு. உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஆனால் கடுமையாகச் சிந்திக்கும்போது அந்தச் செலவு சிறிதளவே கூடுகிறது. ஆகவே, மூளையில் சர்க்கரை தீர்ந்துபோவதால்தான் சோர்வு வருகிறது என்ற விளக்கம் போதாது. 2022-இல் பாரிஸ் ஆய்வாளர்கள், ஆறு மணி நேரத்துக்கும் மேல் கடினமான மனவேலை செய்தவர்களை ஸ்கேன் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. அது சேரச் சேர, அந்தப் பகுதியைத் தொடர்ந்து இயக்குவது மூளைக்கு விலை உயர்ந்த காரியமாகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அப்படிக் களைத்தவர்கள், காத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையைவிட, அதிகம் உழைக்காமல் உடனே கிடைக்கும் சிறிய தொகையை விரும்பினார்கள்.

என் கருத்தில் சதுரங்கத்துக்கு மிக முக்கியமான செய்தி இதுவே. களைத்தவருக்கு அறிவு குறைந்துவிடுவதில்லை. சரிபார்க்கும் விருப்பம் குறைகிறது. "இது போதும், ஆபத்தில்லை" என்ற எண்ணம் சீக்கிரம் வந்துவிடுகிறது. விடியலில் வெட்டத் தொடங்கும் ரப்பர்த் தோட்டப் பால்வெட்டுத் தொழிலாளியின் கத்தி, நிரையின் கடைசி மரங்களில் பட்டையைத் தாண்டி ஆழமாக இறங்கிவிடுவது போன்றது இது: தொழில் மறப்பதில்லை, கைதான் அளவு தவறுகிறது.

மனிதரும் மனிதரும் ஆடினால் இருவருமே சோர்வார்கள். 1984-இல் தொடங்கிய கார்ப்போவ், காஸ்பரோவ் உலகச் சாம்பியன் போட்டி ஐந்து மாதங்கள் நீண்டு, 48 ஆட்டங்களுக்குப் பின் முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது. கணினியிடம் அந்த ஈடு கிடையாது. 1997-இல் நியூயார்க்கில் காஸ்பரோவை எதிர்த்து ஆடிய ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. முதல் நகர்த்தலிலும் அப்படியே, கடைசி நகர்த்தலிலும் அப்படியே. காஸ்பரோவ் இரண்டாம் ஆட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்த நிலையில், ராஜாவை விடாமல் தாக்கும் தொடர் செக் மூலம் சமன் செய்ய வழி இருந்தது. ஆறாவது ஆட்டத்தில் 19 நகர்த்தல்களில் தோற்றார். 2002-இல் பஹ்ரைனில் டீப் ஃபிரிட்ஸை எதிர்த்து ஆடிய கிராம்னிக் முதல் நான்கு ஆட்டங்களில் 3-1 என்று முன்னிலை பெற்றார். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் தோற்று, இறுதியில் 4-4 என்று சமன் செய்தார். எதிராளி தவறவே மாட்டான் என்று தெரிந்து ஆடும்போது ஒவ்வொரு நகர்த்தலிலும் முழு எச்சரிக்கை வேண்டும். அந்த எச்சரிக்கையே களைப்பை வளர்க்கிறது.

எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளிடம் இதே கோளாற்றைப் பார்க்கிறேன். தோட்டங்களிலிருந்து இருட்டிலேயே வேன் ஏறி வருகிறார்கள். ஒரே நாளில் ஆறு சுற்றுகள் நடக்கின்றன. காலையில் அழகாக ஆடிய மாணவி, மாலையில் ராணியை வெறுமனே விட்டுவிடுகிறாள். சுற்றுகளுக்கு நடுவே கைப்பேசியில் கணினியோடு சில நிமிடங்களில் முடியும் மின்னல் ஆட்டம் ஆடுவதுதான் பலருக்கு ஓய்வு. ஓய்வு தேவைப்படும் அதே முன்மூளைப் பகுதியைத்தான் அதுவும் வேலை வாங்குகிறது. கைப்பேசியை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, மண்டபத்துக்கு வெளியே கொஞ்சம் நடந்து வந்தால் எவ்வளவோ மேல். ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வேன் வாடகைக்குப் பயந்துதான் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கிறோம், புரிகிறது. ஆறு சுற்றுகளை நான்காகக் குறைத்து, மதிய இடைவேளையை ஒரு மணி நேரமாவது நீட்டுங்கள்.