'பெஞ்ச்மார்க் டிஸ்எபிலிட்டி': தமிழில் எப்படிச் சொல்வது?

சேலம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மாற்றுத்திறனாளிச் சான்றோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்கப்படுவது "எத்தனை பர்சன்ட் போட்டிருக்காங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு அடியில் கிடக்கும் சட்டச் சொல் 'பெஞ்ச்மார்க் டிஸ்எபிலிட்டி'. சான்றளிக்கும் மருத்துவ அதிகாரம் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் மதிப்பிட்ட குறைபாடு என்பது பொருள்.

பெஞ்ச்மார்க், நில அளவையாளர்களின் சொல். கல்லில் கிடைக்கோடு வெட்டி, அதில் இரும்புச் சட்டம் செருகி, அதன்மேல் மட்டக்கோலை நிறுத்துவார்கள். அந்தத் தாங்கிதான் 'பெஞ்ச்'. சேலத்திலிருந்து ஏற்காடு எவ்வளவு மேலே என்று கணக்கிட, உயரம் தெரிந்த இப்படியொரு குறி வேண்டும். அளப்பது கோல், பெஞ்ச்மார்க் என்பது குறி. ஆகவே 'அளவுகோல் ஊனம்' என்று எழுதுவது பிழை. 'தகுவரம்புக் குறைபாடு' பொருந்தும். வயல் வரப்பும் இந்த வரம்பும் ஒரே சொல்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தவர் மாற்றுத்திறனாளி என்ற வரையறைக்குள்ளேயே வரவில்லை. அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டம், மாற்றுத்திறனாளி என்ற வரையறையையும் 40 விழுக்காட்டு வரம்பையும் பிரித்தது. 35 விழுக்காடு பெற்றவரும் மாற்றுத்திறனாளிதான். அவருக்கும் வெள்ளை நிற யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) உண்டு. அரசு வேலையில் 4, உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குத்தான் வரம்பைத் தொட வேண்டும். 40 முதல் மஞ்சள் அட்டை, 80 முதல் நீலம்.

பலர் ஏமாறுவது கூட்டலில். கையில் 30, காலில் 12 என்றால் 42 வராது. பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும்: 60 × 12 ÷ 90 = 8; மொத்தம் 38. இரண்டு விழுக்காட்டில் ஒதுக்கீடு போய்விடும். அதேபோல, ஒரு கண் முழுதும் போய் மற்றது நன்றாகத் தெரிந்தால் 30 மட்டுமே. எத்தனை வேதனையான இழப்பு அது, ஆனாலும் கணக்கு அப்படித்தான்.

வரம்பைத் தாண்டினாலே எல்லாம் கிடைத்துவிடாது. மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 விழுக்காடும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதும் வேண்டும். சான்று கைக்கு வந்ததும் அது நிரந்தரமா தற்காலிகமா என்று பாருங்கள். தற்காலிகமென்றால் முடியும் தேதிக்கு முன்பே பழைய எக்ஸ்ரே, கேட்புத்திறன் அறிக்கைகளோடு மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டும். மதிப்பீடு தவறென்று பட்டால், 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.