குறைமாதக் குழந்தைக்கு எந்த இசை?

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், கைப்பேசியில் தாலாட்டை ஒலிக்கவிட்டு இன்குபேட்டருக்குள் வைக்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். அங்கே பணியாற்றும் மருத்துவரான நான் பெரும்பாலும் மறுத்துவிடுவேன். அங்கே ஏற்கெனவே ஓசை மிகுதி.

கருவின் 25ஆம் வாரத்தையொட்டிக் காது ஒலியை உணரத் தொடங்குகிறது. கருப்பையில் கூரிய ஓசைகள் மட்டுப்பட்டு, தாயின் குரலும் இதயத் துடிப்புமே மேலோங்கியிருக்கும். 28 வாரத்தில் பிறந்த குழந்தையோ அலாரங்களுக்கு நடுவே கிடக்கிறது. இப்பிரிவுகளில் ஒலி 45 டெசிபலைத் தாண்டுவது கவலைக்குரியது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இலேயே எச்சரித்தது. இன்குபேட்டர் கதவைப் படாரென்று மூடினாலோ, அதன் மேல் மருந்துப் புட்டியை டொக்கென்று வைத்தாலோ, உள்ளிருக்கும் குழந்தை நெற்றியைச் சுருக்கி விரல்களை விரிப்பதையும், மானிட்டரில் ஆக்சிஜன் அளவு சரிவதையும் காணலாம்.

நியூயார்க்கின் இசை சிகிச்சை நிபுணர் ஜோயன் லோவி தலைமையில், 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர்கள் குழந்தையின் மூச்சைக் கவனித்து, அதற்கிசைய நேரில் வாசித்தனர். உலோக மணிகள் உருளும் வட்டக் கருவி கருப்பையின் ஓசையையும், மரப்பெட்டித் தாளம் இதயத் துடிப்பையும் ஒத்திருந்தன. பெற்றோர் விரும்பிய பாட்டே தாலாட்டாக மாற்றிப் பாடப்பட்டது. இதயத் துடிப்பு தணிந்தது, சப்பிக் குடிப்பது மேம்பட்டது, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. ஆனால் பின்னர் நார்வே உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த இசை சிகிச்சை ஆய்வில், தாய்சேய்ப் பிணைப்பில் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. நேரில் தரும் இசைக்கே பலன் இவ்வளவுதான் என்னும்போது, மூளையை வளர்க்கும் இசை என்று விற்கப்படும் பதிவுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கங்காரு முறையில் குழந்தையை மார்போடு அணைத்திருக்கும் தாயைத்தான் பாடச் சொல்கிறேன். "எனக்குப் பாட வராதே டாக்டர்" என்பார்கள். "வாயை மூடிக்கொண்டு ஆராரோ என்று முனகினாலே போதும்மா" என்பேன். அந்த அதிர்வு நெஞ்சு வழியாகவும் குழந்தையை எட்டும். ஒரே மெட்டை, தாழ்ந்த குரலில், மெதுவாகத் திரும்பத் திரும்பப் பாடலாம். குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, விக்கினாலோ, தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். அன்றைக்கு அதற்கு அவ்வளவுதான் தாங்கும்.

இப்பிரிவில் ஐந்து நாள்களுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்குச் செவித்திறன் குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், வீடு திரும்பும் முன் பெரா (BERA) எனப்படும் செவித்திறன் பரிசோதனை செய்தாயிற்றா என்று பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டும்.