‘விருந்தாளி செல்’ வேண்டாம், ஓம்புயிர் என்று எழுதுங்கள்

சென்ற வாரம் ஓர் அறிவியல் காணொளியில் மறுபடியும் காதில் விழுந்தது: “கொரோனா வைரஸ் விருந்தாளி செல்லின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது.” 2020-இல் ஒரு துண்டறிக்கையில் இதை முதலில் பார்த்தபோது அவசரத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் வந்தது, ஒரு மாணவர் கையேட்டில் வந்தது. இனியும் பேசாமல் இருந்தால் இதுவே நிலைத்துவிடும். விருந்தாளி என்பவர் வீடு தேடி வருகிறவர். இங்கே வருவது வைரஸ், வீடு நம்முடைய செல். வீட்டுக்காரரையே விருந்தாளி என்று சொன்னால் யார் யாருக்குள் போனார்கள் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

மூலச் சொல் ஆங்கிலத்தின் ஹோஸ்ட். பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ஹாஸ்பெஸிலிருந்து வந்தது. ஹாஸ்பிடலும் ஹோட்டலும் அதே குடும்பம். அந்த இலத்தீன் சொல் விருந்து தருபவரையும் குறிக்கும், விருந்தாக வருபவரையும் குறிக்கும். எதிரியைக் குறிக்கும் ஹாஸ்டிஸ் என்ற சொல்லும் அதற்கு உறவுதான். 19ஆம் நூற்றாண்டில் ஒட்டுண்ணிகளைப் பற்றி எழுதியவர்கள், ஒட்டுண்ணிக்கு இடம் தரும் உயிருக்கு இதைப் பெயராக்கினார்கள்.

தமிழில் இந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. விருந்து என்றால் முதலில் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றாக விருந்தைச் சொல்வதும் புதிதாகப் புனைவது என்ற பொருளில்தான். புதுமை என்பதிலிருந்து புதிதாக வருகிறவர் என்ற பொருள் வந்தது. “செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்” என்ற குறளில் போகிறவரும் விருந்து, வருகிறவரும் விருந்து, வாசலில் நிற்பவர் ஓம்புகிறவர். இவ்வளவு தெளிவாகப் பிரித்துவைத்த மொழியில் இரண்டையும் குழப்புவதற்குக் காரணமே கிடையாது.

சரி, விருந்தாளியை விடுங்கள், பாடநூல்களில் உள்ள ‘விருந்தோம்பி’ இருக்கிறதே என்பார்கள். திசை சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் வாக்கியத்துக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. “இருந்தோம்பி இல்வாழ்வ தெல்லாம் விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு” என்ற குறளில் விருந்தோம்பி என்பது வினையெச்சம், விருந்தினரைப் பேணி என்று பொருள். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் அப்படித்தான் பழக்கம். இப்போது ‘விருந்தோம்பி செல்’ என்று எழுதிப் பாருங்கள். செல் என்பதும் ‘போ’ என்ற ஏவல். விருந்தினரைப் பேணிவிட்டுப் போ என்று ஒரு கட்டளை போலத் தொனிக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருமுறை தடுக்கி, திரும்ப வாசித்து, அதன் பிறகுதான் பொருளைப் பிடிக்க வேண்டும். ஈழத்துப் பாடநூல்களின் ‘விருந்து வழங்கி’யையும் வினையெச்சமாக வாசிக்க இடம் உண்டு. ஆனால் அங்கே யார் தருவது, யார் பெறுவது என்பது பளிச்சென்று தெரிகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஆனாலும் விருந்து என்று தொடங்கும் எல்லாச் சொற்களிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவை அழைப்பையும் உபசாரத்தையும் உள்ளே கொண்டுவந்துவிடுகின்றன. நடப்பதைப் பாருங்கள். கோவிட்-19 உண்டாக்கும் வைரஸ் பற்றிக்கொள்வது ஏசிஇ2 என்ற புரதத்தை. 2003-இல் சார்ஸ் வைரஸுக்கும் அதுதான் பிடி என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் ஏசிஇ2 வைரஸுக்காக வாசலில் நிற்கவில்லை. அது ஒரு நொதி. இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை வெட்டி அடக்குவது அதன் அன்றாட வேலை. வேலை செய்துகொண்டிருக்கும் அந்தப் புரதத்தில், வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்புரதம் வந்து கொக்கி போடுகிறது.

அதோடு முடிவதில்லை. கூர்ப்புரதம் சரியான இடங்களில் வெட்டுப்பட்டால்தான் வைரஸின் உறை செல்லின் சவ்வோடு கலக்க முடியும். அந்த வெட்டுக் கருவியும் வைரஸிடம் இல்லை. முதல் வெட்டை, வைரஸ் உருவாகும் செல்லிலேயே ஃபியூரின் என்ற நொதி போட்டுவிடுகிறது. அடுத்த வெட்டை, புதிய செல்லின் மேற்பரப்பில் இருக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 போடுகிறது. அது இல்லாத செல் என்றால் வைரஸ் ஒரு சிறு பைக்குள் இழுக்கப்பட்டு, அங்கே கதெப்சின் எல் என்ற நொதி வெட்டுகிறது. எல்லாமே நம்முடைய நொதிகள், வேறு வேலைக்காக இருப்பவை. ஒட்டகங்களிடமிருந்து மனிதர்களுக்கு வந்த மெர்ஸ் வைரஸ் பிடித்துக்கொள்வது டிபிபி4 என்ற நொதியை. சர்க்கரை நோயாளிகள் பலர் சாப்பிடும் சிட்டாகிளிப்டின் மாத்திரை கட்டுப்படுத்துவது அதே நொதியைத்தான். சாதாரணச் சளி தரும் 229இ வைரஸுக்கு அமினோபெப்டிடேஸ் என் என்ற இன்னொரு நொதி. இதில் விருந்து எங்கே இருக்கிறது?

அதனால்தான் ஓம்புயிர் என்ற சொல்லை விடாமல் சொல்கிறேன். ஓம்பு என்றால் பேணு, காப்பாற்று, உயிரோடு வைத்திரு. இதில் அழைப்பு இல்லை. குயில் முட்டையை அடைகாக்கும் காக்கையை நினைத்துப் பாருங்கள். காக்கை குயிலை விருந்துக்குக் கூப்பிடவில்லை, அது வேற்றுக் குஞ்சு என்றுகூட அதற்குத் தெரியாது. ஆனாலும் ஓம்புகிறது. உயிரியலார் காக்கையையும் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். காக்கைக்கும் நுரையீரல் செல்லுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது என்றால் அதுதான் நல்ல சொல். அதற்குள் இன்னொரு பொருளும் உண்டு. “நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும் அல்லது செய்தல் ஓம்புமின்” என்ற புறநானூற்று அடியில் ஓம்புதல் என்பது தவிர்த்தல், விலக்கிக்கொள்ளுதல். வைரஸ் நுழைந்ததை உணர்ந்ததும் இன்டர்பெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கும் ஓர் உயிருக்கு இந்தப் பொருளும் ஒத்துவருகிறது.

ஓர் எதிர்வாதம் நியாயமானது. ஓம்புயிர் வினைத்தொகை. ஓம்பும் உயிர் என்றும் விரிக்கலாம், ஓம்பப்படும் உயிர் என்றும் விரிக்கலாம் அல்லவா? விரிக்கலாம். ஆனால் ஊறுகாய் என்றால் ஊறிய காய்தான் என்பதை வழக்கு முடிவு செய்ததுபோல இதையும் வழக்கு முடிவு செய்துவிடும். இதைவிட்டால் வினையெச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

செல்லுக்கு என்ன செய்வது? உயிரணு என்று தூய்மையாக எழுதச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. சென்னையில் ஒரு மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்து உயிரணு என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் விந்தணு என்றுதான் எடுத்துக்கொள்வார். ஈழத்தில் கலம் என்ற அழகான சொல் புழங்குகிறது, தமிழ்நாட்டில் அதைக் கேட்டால் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். எனவே தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது நான் செல் என்றே எழுதுகிறேன். வெட்கமில்லை. ‘ஓம்புயிரின் செல்’ என்று வேற்றுமை உருபோடு எழுதினால் ஏவல் வினை மயக்கமும் வராது.

தூய்மை பேசுகிறவர்கள்மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. என் கோபம், அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள்மேல்தான். தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்துபவர், மாநாட்டை நடத்தும் நாடு, இணையதளத்தைத் தாங்கும் கணினி, ஒட்டுண்ணி தங்கும் உயிர் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே போதும் என்று நினைக்கிறார்கள். எழுதும் பொருளை ஒரு நிமிடம் மனக்கண்ணில் பார்த்திருந்தால் வைரஸ் வருவதும் செல் இருப்பதும் தெரிந்திருக்கும். ‘விருந்தாளி செல்’ பிறந்தே இருக்காது.

‘ஏற்பி’யைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதத்தை ஆங்கிலத்தில் ரிசப்டர் என்பார்கள், அதற்கான தமிழ்ச் சொல் இது. ஏசிஇ2 ஓர் ஏற்பி என்று மொட்டையாக எழுதினால் வைரஸை ஏற்பதுதான் அதன் வேலை என்று ஆகிவிடும். ‘வைரஸ் தனக்கு ஏற்பியாக்கிக்கொண்ட நொதி’ என்று எழுதலாம். நான் இப்படி எழுதுவேன்: “கொரோனா வைரஸ் ஓம்புயிரின் செல்லில் உள்ள ஏசிஇ2 நொதியை ஏற்பியாக்கிக்கொண்டு, அதே செல்லின் இன்னொரு நொதியால் தன் கூர்ப்புரதம் வெட்டுப்பட்டதும் உள்ளே நுழைகிறது.” கொஞ்சம் நீளம்தான். ஆனால் யார் வந்தது, யார் வீட்டில் இருந்தது என்று யாரும் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.