குறைமாசக் குழந்தை கண்ணாடிப் பெட்டில இருக்கும்போது அரசாங்கத்துகிட்ட நமக்கு என்னென்ன உரிமை இருக்கு

என் தங்கச்சிக்கு 30 வாரத்துலயே பிரசவம் ஆயிடுச்சு. பாப்பா 1,280 கிராம். பொறந்ததும் ஒரு தடவ தூக்கிக் காட்டிட்டு நேரா இன்குபேட்டர்ங்கிற கண்ணாடிப் பெட்டில வைக்கக் கொண்டு போயிட்டாங்க, அப்புறம் 41 நாள் உள்ளயேதான். தங்கச்சி வார்டுலயும் மாப்பிள்ளை வராண்டாவுலயும் கிடந்தாங்க, பேப்பர் வேலைக்கு அலைஞ்சது நான்தான். அந்த அலைச்சல்ல தெரிஞ்சுக்கிட்ட விஷயம் எல்லாத்தையும் எழுதி வைக்கிறேன், ஏன்னா இதுல பாதி எங்களுக்கு யாருமே சொல்லல, பக்கத்து பெட் அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. நான் சொல்றது தமிழ்நாட்டு நிலவரம், ஆனா மத்திய அரசுத் திட்டம்னு சொல்ற இடமெல்லாம் இந்தியா முழுசுக்கும் பொருந்தும்.

முதல்ல காசு. அரசு ஆஸ்பத்திரில குழந்தை இருந்தா ஒரு ரூபா கூட நீங்க கட்ட வேண்டியதில்ல. இதுக்கு ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம்னு ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கு, 2011 ஜூன்ல ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல பிரசவத்துக்கு வர்ற அம்மாவுக்கும் பொறந்து 30 நாளுக்குள்ள இருக்குற குழந்தைக்கும்னு இருந்துச்சு, 2014ல ஒரு வயசு வரைக்கும்னு நீட்டிட்டாங்க. இது ரொம்ப பேருக்குத் தெரியாது. 31வது நாள் ஆயிடுச்சு, இனிமே காசுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இதுல மருந்து, ஊசி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ரத்தம் ஏத்துறது, சிரிஞ்சு டியூப் மாதிரி சாமான் எல்லாமே அடங்கும். குறைமாசக் குழந்தைக்கு நுரையீரல் விரியறதுக்கு சர்ஃபாக்டன்ட்னு ஒரு மருந்து குடுப்பாங்க, வெளிய வாங்குனா ஒரு குப்பியே ஆயிரக்கணக்குல ஆகும், அதுவும் இதுக்குள்ளதான் வரும். வெளிய வாங்கிட்டு வாங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தா சண்டை போட வேண்டாம், ஸ்டாக் இல்லையா சார்னு டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க, எங்களுக்கு ரெண்டு தடவ அப்படிக் கேட்டதும் உள்ள இருந்தே எடுத்துக் குடுத்தாங்க.

வண்டியும் இலவசம்தான். வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கும், தாலுகா ஆஸ்பத்திரில இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துறதுக்கும் 108ஐக் கூப்பிடுங்க. பச்சிளம் குழந்தைக்குன்னே இன்குபேட்டர் வச்ச 108 வண்டி தனியா இருக்கு, மாத்தச் சொல்லும்போதே அந்த வண்டி வேணும்னு டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க, ஏன்னா குறைமாசக் குழந்தைக்கு வழியில உடம்பு சில்லுனு போறதுதான் பெரிய ஆபத்து. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போறதுக்கு 102, தாய் சேய் நல ஊர்தி. நாங்க இது தெரியாம வாடகைக் கார் பேசி வச்சுட்டோம், கடைசில அந்த பக்கத்து பெட் அம்மாதான் ஏம்மா காச வீணாக்குறீங்கன்னு சொன்னாங்க.

அடுத்தது எந்த ஆஸ்பத்திரில என்ன வசதி இருக்குங்கிறது. பிரசவம் பாக்குற எல்லா அரசு இடத்துலயும், ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் கூட, பொறந்த குழந்தைக்குன்னு ஒரு மூலை இருக்கணும், சூடு குடுக்குற வார்மர் இருக்கணும். அதுக்கு மேல கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரில 1,800 கிராமுக்கு மேல இருக்குற, ஓரளவு தெம்பா இருக்குற குழந்தைங்களப் பாப்பாங்க. 1,800 கிராமுக்குக் கீழ இருந்தாலோ 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்திருந்தாலோ எஸ்.என்.சி.யூன்னு சொல்ற சிறப்புப் பிரிவுலதான் சேர்க்கணும், அது மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிலயும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயும் இருக்கும். அதனால முன்கூட்டியே வலி வந்துச்சுன்னா, முடிஞ்சா பிரசவத்துக்கு முன்னாடியே அந்த வசதி இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பொறந்த அப்புறம் பெட்டில வச்சுத் தூக்கிட்டு ஓடுறதவிட, வயித்துல இருக்கும்போதே போறதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு.

பிரைவேட்ல சேத்துட்டவங்களுக்கு மேல சொன்ன இலவசம் கிடையாது, அது அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும். ஆனா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சையும் அதுல வரும், ஆனா அந்தத் திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரியா இருக்கணும். இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. முதல்ல அட்வான்ஸ் கட்டி, ஒரு வாரம் பணத்தக் கட்டி, நகை எல்லாம் அடகுக்குப் போன அப்புறம் கார்டு இருக்குன்னு நீட்டுவாங்க. காப்பீட்டுல சிகிச்சைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அதனால சேர்க்குற அன்னைக்கே கேளுங்க, இந்த ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கா, இந்த சிகிச்சைக்கு இருக்கான்னு ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. கார்டு இல்லன்னா ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். சந்தேகம்னா 1800 425 3993க்கு போன் பண்ணுங்க.

இன்னொரு விஷயம், பிரைவேட்ல ஆரம்பிச்சுட்டோமே, இனிமே அரசு ஆஸ்பத்திரில எடுத்துக்க மாட்டாங்கன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. வெளிய பொறந்த குழந்தையையும் எஸ்.என்.சி.யூல எடுத்துக்குவாங்க, அதுக்குன்னே தனிப் பகுதி ஒதுக்கி வச்சிருப்பாங்க. காசு தீர்ந்து போறவரைக்கும் காத்திருந்து கடைசி நேரத்துல குழந்தைய அல்லாட விடாதீங்க, தாங்காதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே டாக்டர்கிட்ட வெளிப்படையா பேசுங்க.

இப்ப அம்மாவ உள்ள விடுற விஷயம். எங்களுக்கு ரொம்ப மனசு நொந்தது இதுலதான். முதல் அஞ்சு நாள் தங்கச்சிய உள்ளயே விடல, கண்ணாடி வழியாப் பாத்துட்டு வந்து அழுதுக்கிட்டே பால் பீச்சிக் குடுப்பா. குழந்தையக் காட்டுறதுக்கு ஒருத்தங்க கைநீட்டிக் காசு வேற கேட்டாங்க, மாப்பிள்ளை குடுத்தும் விட்டாரு, அந்த நேரத்துல யாருக்குத்தான் மறுக்க மனசு வரும். ஆனா மத்திய சுகாதாரத் துறை 2017லயே குடும்பத்தோட பங்கேற்புல குழந்தையப் பாத்துக்கிறதப் பத்தி வழிகாட்டுதல் குடுத்திருக்கு. அதுபடி அம்மா அப்பாவுக்குக் கை கழுவுறது, பால் குடுக்குறது, கங்காரு முறைல தோலோட தோல் படுற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிறது, ஆபத்து அறிகுறி கவனிக்கிறது எல்லாம் நர்ஸுங்க சொல்லிக் குடுத்து, உள்ள வந்து குழந்தையப் பாத்துக்க விடணும். அம்மாவ விருந்தாளி மாதிரி வெளிய நிறுத்தக் கூடாதுங்கிறதுதான் அந்த வழிகாட்டுதலோட மொத்த நோக்கமும். அதனால உள்ள விடலன்னா அந்தப் பிரிவுப் பொறுப்பு டாக்டர்கிட்ட மரியாதையா கேளுங்க, ஆறாவது நாள் நான் அப்படிக் கேட்டதும்தான் அவள உள்ள விட்டாங்க. முதல் தடவ பாப்பாவ அவ நெஞ்சுல வச்சப்ப மானிட்டர்ல மூச்சு சீரா ஓடுறத நானே கதவுகிட்ட நின்னு பாத்தேன்.

இந்த கங்காரு முறை 1978ல கொலம்பியா நாட்டு பொகோட்டாவுல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சது. இப்ப உலக சுகாதார நிறுவனமே 2022ல இருந்து, குறைமாசத்துலயோ எடை கம்மியாவோ பொறந்த குழந்தைங்களுக்குப் பொறந்ததுல இருந்தே சீக்கிரமா ஆரம்பிங்கன்னு சொல்லுது, முடிஞ்சா ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும். அப்பாவும் பண்ணலாம், பாட்டியும் பண்ணலாம். எங்க மாப்பிள்ளை ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து குளிச்சுட்டு ரெண்டு மணி நேரம் பண்ணுவாரு. பால் பத்தலன்னா உடனே பவுடர் பாலுக்குப் போகாதீங்க, பல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில தாய்ப்பால் வங்கி இருக்கு, அங்க வேற தாய்மார் குடுத்த பாலப் பக்குவம் பண்ணி வச்சிருப்பாங்க, கேளுங்க.

எங்ககிட்ட கேட்ட மாதிரி குழந்தையக் காட்ட யாராவது காசு கேட்டாங்கன்னா 104 சுகாதார உதவி எண்ணுக்கு சொல்லலாம், 1100 முதல்வர் உதவி எண்ணும் இருக்கு.

அடுத்து வேலைக்குப் போற அம்மாங்களுக்கு. மகப்பேறு விடுப்பு 26 வாரம்னு எல்லாருக்கும் தெரியும் (ஏற்கனவே ரெண்டு குழந்தை இருந்தா 12 வாரம்). பிரசவ தேதிக்கு முன்னாடி 8 வாரம் வரைக்கும் எடுக்கலாம்னு இருக்கும், நமக்குத்தான் முன்கூட்டியே பொறந்துடுச்சே, முன்னாடி எடுக்க முடியாமப் போன நாள் வீணாப் போகாது, 26 வாரத்தையும் பின்னாடி எடுத்துக்கலாம். அதுக்கும் மேல இன்னொண்ணு இருக்கு, இதத்தான் எச்.ஆர்ல யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க. குறைமாசப் பிரசவத்தால அம்மாவுக்கு உடம்பு முடியலன்னா கூடுதலா ஒரு மாசம் வரைக்கும் சம்பளத்தோட விடுப்பு உண்டு. 1961 மகப்பேறு நலச் சட்டத்துல 10வது பிரிவா இருந்துச்சு, புதுசா வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் அப்படியே இருக்கு. இ.எஸ்.ஐ. பிடிக்கிறவங்களுக்கும் அதே ஒரு மாசம் இ.எஸ்.ஐ. வழியாக் கிடைக்கும். டாக்டர் சர்டிபிகேட் வேணும், அதுல குறைமாசப் பிரசவம்னு தெளிவா எழுதச் சொல்லி வாங்குங்க. என் தங்கச்சி கம்பெனில முதல்ல அப்படி ஒண்ணு இல்லன்னாங்க, சட்டப் பிரிவ எழுதி மெயில் போட்ட அப்புறம் மறு வாரமே குடுத்தாங்க. அப்பாவுக்கு மத்திய அரசு வேலைன்னா 15 நாள் இருக்கு. தனியார் வேலைல இருக்குற அப்பாவுக்கு சட்டத்துல ஒண்ணுமே இல்ல, அது எனக்கு ரொம்ப அநியாயமாத் தெரியுது, ஒன்றரை மாசம் ராத்திரி வேலை, பகல்ல ஆஸ்பத்திரின்னு அந்த மனுஷன் கருகிப் போனத கண்ணால பாத்தேன்.

இப்ப நான் சொல்லப் போறத தயவுசெஞ்சு தவற விடாதீங்க. கண் பரிசோதனை. குறைமாசத்துல பொறந்த குழந்தைக்குக் கண்ணுக்குள்ள விழித்திரைல ரத்தக் குழாய் முழுசா வளர்ந்திருக்காது, வெளிய வந்த அப்புறம் அது தாறுமாறா வளர்ந்தா விழித்திரையப் பிச்சு இழுத்து பார்வையே போயிடும். ஆர்.ஓ.பி.ன்னு சொல்லுவாங்க. வெளிய பாத்தா கண்ணுல ஒண்ணுமே தெரியாது, குழந்தை நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருக்கும். 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்த குழந்தை, இல்ல 2,000 கிராமுக்குக் கீழ பொறந்த குழந்தை எல்லாத்துக்கும் பொறந்து 30 நாளுக்குள்ள முதல் பரிசோதனை ஆகணும். 28 வாரத்துக்கும் முன்னாடி, இல்ல 1,200 கிராமுக்கும் கீழன்னா ரெண்டு மூணு வாரத்துலயே பாக்கணும். ஒரு தடவ பாத்து சரின்னு சொன்னா முடிஞ்சுடாது, ரத்தக் குழாய் முழுசா வளர்ற வரைக்கும் டாக்டர் சொல்ற தேதிக்குத் திரும்பத் திரும்பப் போகணும். லேசர் சிகிச்சை வேணும்னு சொன்னா ரெண்டு மூணு நாளுக்குள்ள பண்ணணும், அடுத்த வாரம் நல்ல நாள் பாத்துப் போகலாம்னு தள்ளுற விஷயம் கிடையாது.

1996ல சென்னைல ஒரு அரசு ஆஸ்பத்திரில 29 வாரத்துல 1,250 கிராம்ல பொறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை பண்ணவும் இல்ல, பண்ணணும்னு பெத்தவங்ககிட்ட சொல்லவும் இல்ல, பார்வை போயிடுச்சு. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 2015ல சுமார் 1.8 கோடி ரூபா இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு அப்ப 18 வயசு. எவ்வளவு கோடி குடுத்தாலும் கண்ணு வரப் போறதில்லயே. அதனால டிஸ்சார்ஜ் சீட்டுல கண் பரிசோதனை தேதி எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா எழுதி வாங்காம வாசல் தாண்டாதீங்க.

இந்தக் கண் பரிசோதனை, காது பரிசோதனை, இதயக் கோளாறு எல்லாமே ஆர்.பி.எஸ்.கேன்னு 2013ல வந்த, குழந்தைங்க உடம்பப் பரிசோதிச்சு சிகிச்சை குடுக்குற மத்திய அரசுத் திட்டத்துக்குள்ள வருது, பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும். மாவட்ட அளவுல இதுக்குன்னே ஆரம்பக்கால இடையீட்டு மையம் இருக்கு, டி.இ.ஐ.சி.ன்னு கேட்டா காட்டுவாங்க. கண், காது, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்துல காசில்லாமப் பாப்பாங்க. எஸ்.என்.சி.யூல அஞ்சு நாளைக்கு மேல இருந்த குழந்தைக்குக் காதுக்கு பெரா டெஸ்ட் (காதுல இருந்து மூளைக்குப் போற நரம்பு வேலை செய்யுதான்னு பாக்குறது) எடுக்கணும், சாதாரண டெஸ்ட் மட்டும் போதாதுன்னு எங்களுக்கு அங்க இருந்த டாக்டர்தான் சொன்னாங்க.

வீட்டுக்கு வந்த அப்புறம் கிராம சுகாதார செவிலியர், நம்ம ஊர்ல நர்ஸம்மான்னு சொல்லுவோமே, அவங்க வீட்டுக்கு வந்து பாக்கணும். வழக்கமா ஆஸ்பத்திரில பொறந்த குழந்தைன்னா 3, 7, 14, 21, 28, 42ன்னு ஆறு நாள். நம்ம குழந்தை அதுல பாதி நாள் ஆஸ்பத்திரிலயே இருந்திருக்கும், அதனால டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கே நர்ஸம்மாவுக்கு போன் பண்ணி கர்ப்பத்தப் பதிவு பண்ணப்ப குடுத்த பிக்மி நம்பரச் சொல்லி வந்துட்டோம்னு தகவல் குடுங்க. எடை கம்மியான குழந்தைக்கு அதுக்கப்புறமும் விடாம வந்து எடை பாக்கணும்.

தடுப்பூசில ஒரு குழப்பம் வரும். உக்காருறது, தவழுறது எல்லாம் டாக்டர் முதல்ல குறிச்சுக் குடுத்த பிரசவ தேதில இருந்து கணக்குப் போட்டுப் பாக்கணும், ரெண்டரை மாசம் முன்னாடி பொறந்திருந்தா அந்த ரெண்டரை மாசத்தக் கழிச்சுக்கணும், சொந்தக்காரங்க என்ன சொன்னாலும் பதறாதீங்க. ஆனா தடுப்பூசிக்குக் கழிக்கக் கூடாது, பொறந்த தேதிலயிருந்தே கணக்கு, 6 வார ஊசின்னா பொறந்து 6 வாரம். எங்க பாப்பாவுக்கு டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே 6 வாரம், 2 கிலோ கூட இல்லாத குழந்தைக்கு ஊசியான்னு எங்க அம்மா தடுத்தாங்க, நர்ஸம்மா வந்து பேசித்தான் போட்டோம், ராத்திரி பாப்பா லேசா அனத்துனா, காலைல சரியாயிடுச்சு.