சகாட்: கண்ணின் தவளைப் பாய்த்து

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் என்று வளரும் பிள்ளைகள். சென்ற மாதம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒரு பழைய சோதனையைச் செய்து பார்த்தேன். தமிழ்ப் பக்கம் ஒன்றின் நடுவில் பென்சில் முனையால் துளையிட்டு, அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்துப் படிக்கச் சொன்னேன். பின்புறமிருந்து துளை வழியாக அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவிழி வரியோடு வழுக்கிச் செல்லவில்லை. நின்றது, வெடுக்கென நகர்ந்தது, மறுபடி நின்றது. "என் கண் நிற்கவே இல்லை மிஸ், ஓடிக்கொண்டேதான் இருந்தது" என்று அவள் உறுதியாகச் சொன்னாள்.

அவள் பொய் சொல்லவில்லை. கண் நகரும் நொடித்துளியில் மூளை பார்வையை அடக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வதை நீங்கள் ஒருபோதும் காண முடியாது.

அந்த வெடுக்கென்ற நகர்வின் பெயர்தான் சகாட். பிரெஞ்சுச் சொல். குதிரையின் கடிவாளத்தைச் சட்டென்று சுண்டி இழுப்பதை அப்படிச் சொல்வார்கள். இழுத்தல் என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வாசிப்பின்போது கண் விட்டுவிட்டு நகர்வதைக் குறிக்க இச்சொல்லை 1879ஆம் ஆண்டு வாக்கில் கையாண்டவர் பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜவால். வாசிக்கும் கண்ணுக்குப் பெயர் தந்த அவரே பிற்காலத்தில் கிளாக்கோமா என்ற கண் நோயால் பார்வையை முழுதாக இழந்தார் என்பதைப் படித்த நாளில் வெகுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை எனக்கு.

கண் ஏன் தாவ வேண்டும்? விழித்திரையில் எழுத்தைக் கூர்மையாகக் காணும் இடம் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் தெளிவாகத் தெரியும் பரப்பு. ஆகவே அந்தப் புள்ளியை வரி நெடுக இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆங்கில வாசிப்பில் ஒரு தாவல் சராசரியாக 7 முதல் 9 எழுத்து நீளம். அதற்கு ஆகும் நேரம் 20 முதல் 35 மில்லிநொடி. நிற்பது 200 முதல் 250 மில்லிநொடி. படிப்பதெல்லாம் அந்த நிற்றலில்தான்.

கடிவாளம் யார் கையில் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. மனத்தின் கையில். கண் ஒரு சொல்லில் நிற்கும்போதே மனம் ஓரப்பார்வையில் அடுத்த சொல்லின் நீளத்தையும் முதல் எழுத்துகளையும் அளந்து, எங்கே இறங்குவது என்று முடிவு செய்துவிடுகிறது. எதிர்பார்த்த சிறு சொல்லானால் அதன்மேல் இறங்காமலே கடந்துவிடும். அரிய சொல் என்றால், நீளம் ஒன்றாகவே இருந்தாலும், கூடுதலாக நிற்கும். பார்வை விரியும் திசையைக்கூட மொழிப் பழக்கம் தீர்மானிக்கிறது: ஆங்கிலம் படிப்பவருக்கு நிற்கும் இடத்தின் வலப்பக்கம் அதிகம் எட்டுகிறது, வலமிருந்து இடமாக எபிரேயம் படிப்பவருக்கு இடப்பக்கம்.

இதையும் அந்த மாணவியிடமே கண்டேன். கன்னடப் பாடப் பக்கம் ஒன்றில் துளையிட்டுக் கொடுத்தபோது வரிக்கு ஐந்தாறு நிறுத்தங்கள்தான். தமிழ்ப் பக்கத்தில் பதினைந்துக்கும் மேல். 'போகவேண்டியிருந்தது' என்ற ஒற்றைச் சொல்லில் மட்டும் நான்கு முறை நின்றாள். அதே கண்கள், அதே காலை, அதே ஜன்னல் வெளிச்சம். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்த அவள் அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன்.

இனி, சகாட்டைத் தமிழில் என்ன சொல்வது? கண்ணோட்டம் கைக்கு எட்டும் சொல்; ஆனால் குறளின் 58ஆம் அதிகாரத்தில் அது இரக்கம், இன்றைய வழக்கில் கருத்து நிலை. தவிர, ஓட்டம் என்பதே இங்கே தவறு. கண் ஓடுவதில்லை என்றுதானே இவ்வளவும் பேசுகிறோம். தாவல் நல்ல சொல், ஆனால் கணினித் தமிழில் உலாவியின் 'டேப்'புக்கு (tab) அதைக் கொடுத்தாகிவிட்டது. துள்ளல் நின்ற இடத்திலேயே நடக்கலாம். விழிப்பாய்ச்சல் அழகாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் கண் முதலில் 'விழிப்பு' என்று படித்துவிட்டுத் திரும்பி வருகிறது. கலைச்சொல்லுக்கு அந்த இடறல் ஆகாது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நூற்பாக்கள் ஒன்றோடொன்று தொடரும் நிலைகளை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்காகச் சொல்கிறார். வாசிப்பை நாம் ஆற்றொழுக்கு என்று எண்ணுகிறோம். கண் செய்வதோ தவளைப் பாய்த்து. இடையில் உள்ளதை விட்டு அப்பால் சென்று ஊன்றுவது. தவளை எழும்பிய பின் காற்றில் திசை திருப்ப முடியாது. கண்ணும் கிளம்பிவிட்டால் அப்படித்தான். எனவே என் தேர்வு கண்பாய்ச்சல். கடிவாளம் விட்டுப்போகிறதே என்ற வருத்தம் உண்டு, ஆனால் சுண்டிழுப்பு என்றால் நரம்பு நோய் போல ஒலிக்கிறது.

கண் நிற்பதற்குச் சொல் தேடவே வேண்டாம். 'ஊன்றிப் படி' என்று பெரியவர்கள் சொல்லிவந்ததில் இருக்கிறது: ஊன்றல். ஆங்கில வாசிப்பில் நூற்றுக்கு 10 முதல் 15 பாய்ச்சல்கள் பின்னோக்கிப் போகின்றன. நடந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் சிங்கத்தின் பெயரால் அதை அரிமா நோக்கம் என்றே அழைக்கலாம் என்பேன். மாணவி அந்தப் பெயரைக் கேட்ட வாரத்திலிருந்து, ஒரு சொல்லில் தடுக்கித் திரும்பும்போது முன்போல் முகம் சுருக்குவதில்லை.