கடை போடப் போகிறீர்களா? பிரதேச சபையில் உங்களுக்கு இருக்கும் வேலை

பக்கத்து வீட்டு அக்கா பிட்டும் இடியப்பமும் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்தவர். போன வருடம் மெயின் றோட்டோரமாகச் சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்று போட நினைத்தார். அனுமதி எடுக்கப் போய் அரை நாள் வாங்கில் குந்தியிருந்த பிறகுதான் தெரிந்தது, வந்திருப்பது பிரதேச செயலகம், வந்திருக்க வேண்டியது பிரதேச சபை. “ரெண்டும் ஒண்டு எண்டுதானே நினைச்சன்” என்றார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, மட்டக்களப்பில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

செயலகம் அரசாங்கத்தின் நிர்வாக அலுவலகம். கடைக்கு ஒரு பெயர் வைத்தால் அந்த வியாபாரப் பெயரைப் பதிவது அங்கேதான். கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். சபை நாம் வாக்குப் போட்டுத் தெரிவது. கடையை நடத்துவதற்கான வருடாந்த அனுமதிப்பத்திரம், சந்தைக் கடை, வீடு கட்டடங்களுக்கான சோலைவரி, ஊருக்குள் இருக்கும் ஒழுங்கை, தெருவிளக்கு, குப்பை எல்லாம் சபையின் பாடு. மட்டக்களப்பு மாவட்டத்தில் இப்படி 1 மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் என 2 நகர சபைகள், 9 பிரதேச சபைகள் இருக்கின்றன. 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்தது. அதன் பிறகு 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரைக்கும் உறுப்பினர்களே இல்லாமல் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். இப்போது தவிசாளர்கள், அதாவது சபைத் தலைவர்கள், வந்துவிட்டார்கள். மேடைக்கு மேடை பொருளாதார அபிவிருத்தி பற்றிப் பேச்சு. சரி, சட்டம் சபையின் கையில் என்னதான் கொடுத்திருக்கிறது?

பிரதேச சபைகளுக்கான சட்டம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். வியாபாரம் செய்பவரிடம் சபை காசு வாங்குவதற்கு அதில் மூன்று வழிகள். சாப்பாட்டுக் கடை, தேநீர்க் கடை, பேக்கரி, சலூன் போன்ற, சுகாதாரத்தோடு தொட்ட தொழில்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நம் வாயில் பி.எச்.ஐ., வந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும். தண்ணீர், கழிவுநீர் போகும் வழி, சமையல் இடம் மூன்றையும் முதலில் சரிசெய்துவிட்டு விண்ணப்பித்தால் அலைச்சல் பாதியாகும். புடவைக் கடை, ஹார்ட்வெயார் போன்ற பொருள் விற்கும் கடைகளுக்குத் தொழில் வரி. இந்த இரண்டிலும் வராத தரகர், ஒப்பந்தகாரர், வங்கி போன்றவற்றுக்கு வணிக வரி. ஒரே தொழிலுக்கு இரண்டு வகையில் கேட்டால் கேள்வி கேளுங்கள். முதல் இரண்டில் ஒன்றைக் கட்டிய தொழிலுக்கு மூன்றாவது வராது.

தொகையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். முதல் இரண்டுக்கும் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதி, அதாவது வருடத்துக்கு அது என்ன வாடகைக்குப் போகும் என்று மதிப்பிட்ட தொகைதான் அளவுகோல். அது 750 ரூபாய்க்குள் என்றால் ஆகக்கூடியது 500 ரூபாய், 1500க்குள் என்றால் 750, அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 1000. வணிக வரி முந்தைய வருட வருமானத்தைப் பார்த்துப் போடப்படுவது. வருமானம் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினால் 3000 ரூபாய், அதோடு சரி. கோடிக்கணக்கில் காசு புரளும் வங்கிக் கிளைக்கும் அதே 3000தான். 1987இல் எழுதிய கணக்கு இது. அப்போது 1000 ரூபாய் என்பது காசு. இன்றைக்குக் குடும்பத்தோடு ஒருநேரம் கடையில் சாப்பிட்டாலே முடிந்தது. “சபையிடம் காசில்லை” என்று தவிசாளர்கள் சொல்வதை நாம் சாட்டு என்று நினைக்கிறோம். இந்த இடத்தில் அது சாட்டு இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சுற்றுலாச் சபையில் பதிந்த ஹோட்டல், தங்குமிடம் என்றால் முந்தைய வருட வரவில் 1 சதவீதம் வரை வாங்கலாம். பாசிக்குடாவிலும் அம்பாறைப் பக்கம் அறுகம்பேயிலும் அறைகள் நிரம்பினால் சபைக்கும் நேரடியாக வருமானம் கூடும் என்று சொல்வது இதனால்தான். பதியாத விடுதி 1000 ரூபாயோடு தப்பிவிடும் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. காணி உறுதி எழுதும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வை மாகாண சபை ஊடாக அந்தக் காணி இருக்கும் உள்ளூராட்சி சபைக்கே திரும்பி வர வேண்டிய காசு. காணி ஏலத்தில் விற்றால் அதில் 1 சதவீதமும் சபைக்குச் சேரும்.

மிச்சம் சந்தை. என்னைக் கேட்டால், ஒரு சபை ஊரின் வியாபாரத்தை உண்மையில் வளர்க்கக்கூடிய இடம் இதுதான். கடைத்தொகுதிக் கடைகள் கேள்விமனு (டெண்டர்) மூலம் குத்தகைக்குப் போகும். அறிவித்தல் சபையின் பலகையிலும் பத்திரிகையிலும் வரும், கண் வைத்திருங்கள். கேள்வியில் கடையை எடுத்துவிட்டு, தான் நடத்தாமல் இன்னொருவருக்குக் கூடின வாடகைக்கு விடுகிற வேலையும் நடக்கிறது. ஒப்பந்தத்தில் அதற்கு இடமுண்டா என்று வாசித்துப் பார்க்காமல் அப்படிப்பட்ட கடைக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். சந்தைக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் அது சபையின் பொறுப்பு. வாசலில் ஓடும் ஏ-4 வீதி உடைந்திருந்தால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வேலை, தவிசாளரை ஏசிப் பலனில்லை.

சோலைவரி கட்டுபவர்கள் ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதம் கழிவு. காலாண்டுக்கு ஒருமுறை, அந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம்.

சபை என்ன செய்கிறது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பம், சுற்றாடல் என்று நான்கு குழுக்கள் அமைக்கச் சட்டம் சொல்கிறது, உறுப்பினர் அல்லாத ஊரவரையும் அவற்றில் சேர்க்கலாம். வர்த்தகர் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. பொன்னாடை போர்த்தப் போகிறார்கள், குழுவில் ஒரு இடம் கேட்பதில்லை. சந்தைக் குத்தகை யாருக்கு, எவ்வளவுக்குப் போனது என்று தெரிய வேண்டுமென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், அனுமதிப்பத்திரம் எடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் அல்ல, டிசம்பர் 31 வரைதான் செல்லும். அக்காவுக்கு “மறுகா வாங்க, மறுகா வாங்க” என்று இழுபட்டுக் கையில் கிடைத்தபோது ஒக்டோபர் முடிந்துவிட்டது. ஜனவரியில் திரும்பவும் காசு கட்டினார்.