பார்த்தெனானைப் பிளந்த துரு

ஏதென்ஸுக்குச் சுற்றுலா போய்வந்த வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: "பிளாக்கா என்ற பழைய குடியிருப்பின் சந்துகளையெல்லாம் சுற்றிவிட்டு அக்ரோபோலிஸ் குன்றின்மேல் ஏறினால், பார்த்தெனானுக்குச் சாரம் கட்டி, பக்கத்தில் கிரேன் நிற்கிறது. ஒரு கோயிலைப் பழுதுபார்க்க இத்தனை வருடமா?"

கி.மு. 447-ல் தொடங்கிய கோயில் அது. துருக்கியர் அதை வெடிமருந்துக் கிடங்காக்கியதும், 1687-ல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியதும் தெரிந்த கதைதான். ஆனால் இப்போதைய வேலையில் பெரும்பகுதி அந்த வெடிப்பைச் சரிசெய்வதல்ல. முந்தைய பழுதுபார்ப்பைச் சரிசெய்வது!

பார்த்தெனானின் கற்களுக்கிடையே சாந்து கிடையாது. அடுத்தடுத்த இரண்டு பளிங்குக் கற்களின் மேற்புறத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு குழி வெட்டுவார்கள். நடுவில் ஒடுங்கி, இரு முனைகளிலும் அகன்ற குழி. அதே வடிவில் அடித்த இரும்புக் கவ்வியை அதில் படுக்கவைத்து, சுற்றிலும் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்புக்கு அது ஒரு சூடே இல்லை. இடுக்கு விடாமல் ஓடி நிரம்பி இறுகிக்கொள்ளும். துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வரவேண்டும். ஈயம் இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. மென்மையான உலோகம் என்பதால் நிலம் நடுங்கும்போது மெத்தைபோல் கொஞ்சம் இடம்கொடுக்கவும் செய்கிறது. அப்படி மூடிய கவ்விகள் பல, 2,400 ஆண்டுகள் கழித்தும் நல்ல நிலையில் கிடைத்தன. 'முன்னோர்களின் ரகசிய உலோகம்' என்று யாராவது வாட்ஸப்பில் கிளப்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது சாதாரண இரும்புதான். சாமர்த்தியமெல்லாம் ஈயம் ஊற்றியவரின் கையில்.

1898 முதல் 1930கள் வரை நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர், விழுந்த தூண்களைத் தூக்கி நிறுத்தினார். அவரும் இரும்பையே போட்டார், ஈயக் கவசம் இல்லாமல். மழைநீர் உள்ளே இறங்கியது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். பழைய மாடி வீட்டுக் கூரையில் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். இறுக்கமான குழிக்குள் இரும்பு வீங்கினால் பளிங்கு என்ன செய்யும்? அழுத்தத்தைத் தாங்கும் கல், உள்ளிருந்து பிளக்கும் விசையைத் தாங்காது. விரிசல் விட்டது.

இந்தச் சேதத்தைக் கவனிக்க 1975-ல் கிரேக்க அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. கற்களை ஒவ்வொன்றாக இறக்கி, துருவைக் கிளறி எடுத்து, டைட்டானியம் கவ்வி பொருத்துகிறார்கள். டைட்டானியத்தின்மேலும் ஆக்சைடு படரும். ஆனால் அது மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும், துருவைப்போல் உதிராது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. அந்தக் கவ்வியைக் கல்லைவிட வலுவாகச் செய்வதில்லை. நிலநடுக்கம் வந்தால் முதலில் வளைந்துகொடுப்பது உலோகமாக இருக்கவேண்டும், பளிங்கு உடையக்கூடாது என்று கணக்குப் போட்டே அதன் பருமனை வைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வேலைக்கு அவசரம் ஆகாது. அடுத்த தேர்தலுக்குள் திறப்பு விழா வேண்டும் என்று நிற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்தால் இன்னொரு முறை இரும்புதான் வரும்.

அடுத்த முறை போனால் சாரத்தை விட்டுவிட்டுத் தூண்களைப் பாருங்கள். தேன்நிறக் கல்லுக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளை ஒட்டுகள் தெரியும். பழைய கல் வந்த அதே பெந்தெலிக் மலையில் புதிதாக வெட்டிய பளிங்கு. அந்தக் கல்லிலேயே துளி இரும்பு கலந்திருப்பதால், காலப்போக்கில் அதுவும் மெல்லப் பழுத்துத் தேன்நிறமாகிவிடும்.